கண்ணா, காதா, கையா?

பத்தாவது படிக்கும் மகள் போன வாரம் உயிரியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். "நான் விஷுவல் லேர்னர்ப்பா. படிச்சா ஏறாது, வீடியோ பார்த்தாத்தான் ஏறும்." இணையத்தில் 16 கேள்விகளுக்குப் பதில் சொன்னதும் வந்த முடிவாம். இது எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

அந்தக் கேள்வித்தாளுக்கு வார்க் என்று பெயர். நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃபிளெமிங், காலீன் மில்ஸுடன் சேர்ந்து 1992இல் இதைப் பற்றி எழுதினார். பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்து பார்ப்பது என நாலு வகை. மாணவர் தன் படிப்பைப் பற்றித் தானே யோசிக்க ஒரு தூண்டுதல், அவ்வளவுதான் அவர்கள் நோக்கம். போகப் போக அது பிறவிக்குணம் மாதிரி ஆகிவிட்டது.

2008இல் ஹரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். பிள்ளைகளுக்கு விருப்பம் இருப்பது உண்மை. ஆனால் அந்த விருப்பப்படி பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஒழுங்காக டெஸ்ட் பண்ணாமலே ரிலீஸ் ஆன சரக்கு.

நம்ம பக்கத்துக் கதை ஒன்று. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். கண்ணா, காதா, கையா என்று அங்கே யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். தொழில் எதைக் கேட்டதோ அதைத்தான் செய்திருக்க வேண்டும். உயிரியலும் அப்படித்தான். இதயத்தின் அமைப்புக்குப் படம் வேண்டும், ரத்தம் போகும் வழியை வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும், தண்டின் குறுக்குவெட்டை வரைந்தே ஆக வேண்டும்.

1985இல் உருவான விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் தொடர்ந்து பல வருஷம் முதலிடம். காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, ஓயாத டெஸ்ட். மனப்பாடம் என்று நானே கேலி செய்திருக்கிறேன். புரியாமல் ஒப்பித்தவன் நான், அந்தக் குறை நிஜம். ஆனால் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்து நினைவுபடுத்தினால் ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிற்கிறது என்று ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள்.

சனிக்கிழமை மகளிடம் வெள்ளைத்தாள் கொடுத்து, பார்க்காமல் இதயம் வரையச் சொன்னேன். மூன்று தடவை வீடியோ பார்த்தவள், நுரையீரல் தமனியையும் சிரையையும் மாற்றிப் போட்டாள். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, புத்தகத்தை அவளே எடுத்துப் பிரித்தாள்.