தொலைநிலை நோயாளர் கண்காணிப்பு

வைத்தியசாலைக் கட்டிலிலோ வீட்டிலோ இருப்பவரின் உடல்நிலையை உணரிகள், கமரா, இணையம், தொலைபேசி வழியாக வேறோர் அறையிலிருந்தோ ஊரிலிருந்தோ தொடர்ந்து கவனிக்கும் முறை. தாதியருக்கும் வைத்தியருக்கும் இது துணை. அவர்களுக்கு மாற்று அல்ல.

வரலாறு: 2000 இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சென்டாரா மருத்துவமனைக் குழுமம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கத் தொடங்கியது. இலங்கையில் 2021 இல், வீட்டிலிருந்த கோவிட் நோயாளரை 1390 இலக்கத்தின் வழியே வைத்தியர்கள் தொலைபேசியில் பின்தொடர்ந்தனர்.

செயல்முறை: லண்டன் அரச வைத்தியர் கல்லூரி 2012 இல் வெளியிட்டு 2017 இல் திருத்திய முன்னெச்சரிக்கைப் புள்ளிமுறை பரவலாகப் பயன்படுகிறது. சுவாசம், ஒட்சிசன் செறிவு, இரத்த அழுத்தம், நாடி, உணர்வுநிலை, வெப்பநிலை ஆகியவற்றுக்குப் புள்ளி இடப்படும். நள்ளிரவில் ஒருவரின் சுவாசம் நிமிடத்துக்கு 25, ஒட்சிசன் 91 சதவீதம், நாடி 112, ஏனையவை இயல்பு எனில் புள்ளிகள் 3, 3, 2, மொத்தம் 8. ஏழு புள்ளியே அவசர எல்லை. கண்காணிப்பாளர் உடனே விடுதித் தாதியை அழைப்பார்.

கல்முனைக் கரை: இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையின் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை போன்றவற்றை நாடும் இக்கரையோர மக்களின் மொழி தமிழ். எனவே இம்முறை இங்கு அமைந்தால், திரைக்கு அப்பால் இருந்து கண்காணிப்பவர் தமிழில் பேசுவது கட்டாயம். மின்தடையைத் தாங்கும் ஏற்பாடும், பெண் நோயாளரின் மறைவைக் காக்கும் கமரா ஒழுங்கும் வேண்டும். தேவையற்ற எச்சரிக்கை ஒலிகள் மிகுந்தால் தாதியர் சலிப்படைவர். உண்மையான ஆபத்தும் தவறிப்போகும். ஆகவே எச்சரிக்கை எல்லைகளைத் தாதியரோடு கலந்தே வகுக்க வேண்டும்.