ஈரிருக்கைத் திறந்த தானுந்து

ஈரிருக்கைத் திறந்த தானுந்து என்பது ஓட்டுநரும் உடன் ஒருவரும் மட்டுமே அமரக்கூடிய, மடக்கவோ கழற்றவோ இயலும் கூரையைக் கொண்ட சிறிய விளையாட்டுத் தானுந்து (ஸ்போர்ட்ஸ் கார்) ஆகும். இது ரோட்ஸ்டர் எனவும் அழைக்கப்படுகிறது. மிகுந்த வேகத்தைக் காட்டிலும் குறைந்த எடை, தாழ்ந்த இருக்கை, திறந்த வெளியில் ஓட்டும் உணர்வு ஆகியவையே இதன் சிறப்புகள். கூரையை நீக்குவதனால் கிடைக்கும் இன்பமும், அதனாலேயே எழும் பழுதுகளும் இவ்வகைத் தானுந்தின் இரு பக்கங்கள் எனலாம்.

அமைப்பு

மூடியுள்ள அட்டைப்பெட்டியைக் கையால் முறுக்குவது கடினம். மூடியை எடுத்துவிட்டால் அது எளிதில் முறுகும். தானுந்தின் உடலும் அவ்வாறே. கூரை இல்லாதபோது உடலின் முறுக்கு விறைப்பு குறைகிறது. மேடுபள்ளமான சாலையில் முன்கண்ணாடிச் சட்டமும் திசைமாற்றிச் சக்கரமும் அதிர்வது இதனாலேயே. இக்குறையை ஈடுசெய்யக் கதவுகளுக்குக் கீழுள்ள பக்கவாட்டு விட்டங்கள் தடிப்பாக்கப்படுகின்றன. ஆகவே, கூரையை நீக்கினால் எடை குறையும் என்ற எண்ணம் பெரும்பாலும் சரியன்று.

பெரும்பாலான மலிவுவிலை ரோட்ஸ்டர்கள் சாதாரணக் குடும்பத் தானுந்தின் பொறியையும் பிற உறுப்புகளையும் கொண்டே உருவாக்கப்பட்டன. விலையைக் குறைப்பதே இதன் நோக்கம். உதிரி உறுப்புகள் கிடைப்பதும் பெரும்பாலும் இதனையே சார்ந்துள்ளது.

வரலாறு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரித்தானிய நிறுவனங்கள் இவ்வகையில் முன்னின்றன. 1962இல் வெளிவந்த எம்ஜிபி, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஆகிய இரண்டும் 1980 வரை உற்பத்தி செய்யப்பட்டன. இவை அமெரிக்காவிற்கும் பெருமளவில் ஏற்றுமதியாயின. ஓட்டுவதற்கு இனியவை எனப் பெயர்பெற்ற இவ்வகைப் பிரித்தானிய வண்டிகள், எண்ணெய்க் கசிவு, மின்னிணைப்புக் கோளாறு, துரு ஆகியவற்றிற்கும் பெயர்பெற்றன.

1989ஆம் ஆண்டு சிக்காகோ தானுந்துக் கண்காட்சியில் சப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 தானுந்தை அறிமுகப்படுத்தியது. பழைய பிரித்தானிய ரோட்ஸ்டரின் வடிவத்தையும், நாள்தோறும் தவறாது இயங்கும் சப்பானியக் குடும்பத் தானுந்தின் பொறியையும் இது ஒன்றிணைத்தது. உலகில் மிகுதியாக விற்பனையான ஈரிருக்கை விளையாட்டுத் தானுந்து என 2000ஆம் ஆண்டு கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. 2016இல் இதன் உற்பத்தி பத்து இலட்சத்தை எட்டியது.

இந்தியாவில்

இவ்வரலாற்றுடன் தமிழகத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்தை உற்பத்தி செய்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டகத்தைச் சுருக்கியே ஸ்பிட்ஃபயர் உருவாக்கப்பட்டது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான சியோவன்னி மிக்கெலோட்டி. எனினும் ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் உற்பத்தி செய்யப்படவில்லை.

இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்றும் இருந்தது. பின்சக்கரங்கள் ஊசலாடும் அரை அச்சுகளில் பொருத்தப்பட்டிருந்தன. கூர்மையான வளைவில் திடீரென முடுக்கியை விட்டுவிட்டால், வெளிப்புறச் சக்கரம் உட்புறமாக மடங்கி வண்டியின் பின்பகுதி வழுக்கும். 1970இல் வெளியான நான்காம் பதிப்பு ஸ்பிட்ஃபயரில் இது திருத்தப்பட்டது. இந்தியாவில் 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் தானுந்தில், உள்ளூர்ப் பழுதுநீக்குநர்கள் நன்கறிந்த ஒற்றைத் திட அச்சு பயன்படுத்தப்பட்டது.

இந்தியாவிலேயே உருவான ஈரிருக்கைத் திறந்த தானுந்துக்குக் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு, சான் மோட்டார்ஸ் நிறுவனம் 1998இல் அறிமுகப்படுத்திய சான் ஸ்டார்ம் ஆகும். இதன் உடல் கண்ணாடி இழையால் ஆனது. ஆகவே உடற்பகுதி துருப்பிடிப்பதில்லை. இதில் பிரான்சின் ரெனோ நிறுவனத்தின் 1149 க.செ.மீ. பொறி பொருத்தப்பட்டது. ரெனோ அப்போது இந்தியாவில் தானுந்துகளை விற்காததால், பொறிக்குரிய உதிரிகள் மாருதி வண்டியின் உதிரிகளைப் போல எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கக்கூடியவையாக இருக்கவில்லை. பொறி எளிமையானதாக இருந்தால் மட்டும் போதாது, அவ்வூரில் பரவலாகப் புழங்குவதாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

பொதுவான பழுதுகள்

- துணிக்கூரை: மடிப்புகளில் வெடித்துக் கிழியும். நெகிழிப் பின்சாளரம் வெயிலில் மஞ்சளாகி, நாளடைவில் ஒளிபுகாத் தன்மை பெறும்.
- வடிகால் துளைகள்: கூரையின் அடியில் சேரும் நீர் பக்கவாட்டுத் துளைகளின் வழியே வெளியேறும். இவை தூசியாலும் சருகாலும் அடைபட்டால் நீர் விட்டங்களுக்குள் தேங்கி, உள்ளிருந்து துரு தொடங்கும். வெளியே தெரியும்போது வண்டியின் வலிமை குறைந்திருக்கும். பழைய எம்எக்ஸ்-5 வண்டிகளிலும் இது நன்கறியப்பட்ட குறை.
- இரப்பர் அடைப்புகள்: உலர்ந்து சுருங்கி, காற்றொலிக்கும் மழைநீர்க் கசிவிற்கும் இடமளிக்கும்.
- நெடுநாள் ஓட்டாமை: மின்கலம் இறங்குதல், பிரேக் பிடித்துக்கொள்ளுதல், சக்கரங்கள் ஓரிடத்தில் தட்டையாதல் ஆகியவை நேரும். ரோட்ஸ்டர் பெரும்பாலும் வீட்டின் இரண்டாவது வண்டி என்பதால் இவை மிகுதி.

வறண்ட நிலத்தில் பயன்பாடு

இத்தானுந்து குளிர்ந்த நாடுகளில் கோடைக்காலத்திற்கென உருவானது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் போன்ற மழை குறைந்த நிலப்பகுதியில் கணக்கு தலைகீழாகிறது. மழையில்லாத நாட்கள் மிகுதி என்பதால் கூரையைத் திறக்கத் தடையில்லை. ஆனால் நண்பகல் வெயிலில் திறந்து ஓட்டுவது இயலாது. விடியற்காலையும் பொழுது சாய்ந்த பின்னருமே ஏற்ற நேரங்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலை சமதளமானது. நெடுந்தொலைவு வானம் மறைவின்றித் தெரியும். மார்கழி விடியலில் கூரை திறந்து இச்சாலையில் செல்கையில் ஈரமண்ணின் மணமும் பனிக்காற்றும் ஓட்டுநரை நேரடியாக வந்தடைகின்றன. மூடிய வண்டி இதனைத் தருவதில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து ஊர்ச்சாலைக்கு இறங்கியதும் இடர்ப்பாடுகள் தொடங்குகின்றன. வேகத்தடைகளில் அடிப்பகுதி உரசும். சாலையோரச் சீமைக்கருவேல முட்கள் சக்கரங்களைத் துளைக்கும். இன்றைய ரோட்ஸ்டர்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரத்திற்குப் பதிலாக ஒட்டுத் திரவமும் காற்றடிப்பானுமே தரப்படுவதால், பக்கச்சுவரில் துளை விழுந்தால் வண்டியை ஏற்றிச் செல்லவே நேரிடும். கரிசல் மண்ணின் நுண்ணிய புழுதி வடிகால் துளைகளில் மாதக்கணக்கில் படிகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது அப்புழுதி சேறாகி அடைத்துக்கொள்கிறது. எனவே வறண்ட பகுதியில் துரு பிடிக்காது என்று கருதி வடிகாலைக் கவனியாமல் விடுவது தவறு.

பராமரிப்பு

- பருவமழைக்கு முன்னர் வடிகால் துளைகளை மெல்லிய நெகிழிக் கம்பியால் தூர்த்து, நீரூற்றிச் சோதித்தல். ஊற்றிய நீர் வண்டியின் அடியில் வடிய வேண்டும்.
- நனைந்த கூரையை உலர்த்திய பின்னரே மடக்குதல்; பின்சாளரத்தை இழுவிணைப்பால் பிரிக்க இயலுமாயின், முதலில் அதனைப் பிரித்தல்.
- இரப்பர் அடைப்புகளுக்குச் சிலிக்கோன் பசை இடுதல். கனிம எண்ணெய் இரப்பரை ஊதச் செய்யும்.
- நிழலில் நிறுத்துதல், வாரம் ஒருமுறையேனும் பொறி முழுமையாகச் சூடாகும் வரை ஓட்டுதல்.
- வாங்குமுன் பொறியின் ஒலியைக் கேட்பதோடு நில்லாமல், பக்கவாட்டு விட்டங்களின் பின்முனையைத் தட்டிப் பார்த்தல். பொறியை மாற்றிக்கொள்ளலாம், உளுத்த விட்டத்தைச் சீர்செய்வது வண்டியின் விலையையே விஞ்சக்கூடும்.

இவற்றையும் பார்க்க

- தானுந்து
- அருப்புக்கோட்டை
- கரிசல் மண்
- சீமைக்கருவேலம்