ராம் மோகன் (அசைவூட்டக் கலைஞர்)

ராம் மோகன் (ஆகத்து 26, 1931 – அக்டோபர் 11, 2019) ஓர் இந்திய அசைவூட்டக் கலைஞரும் இயக்குநரும் ஆவார். இந்திய அசைவூட்டத்தின் தந்தை என அழைக்கப்படுபவர். அரசுக் குறும்படங்களில் தொடங்கி விளம்பரம், இந்தித் திரைப்படம், முழுநீள அசைவூட்டப்படம், தொலைக்காட்சித் தொடர் என ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இத்துறையில் இயங்கினார். அசைவூட்டத்தை மட்டுமே நம்பி ஒருவர் பிழைக்க முடியும் என்பதே இந்தியாவில் ஐயத்திற்குரியதாக இருந்த காலத்தில் அவர் அதனைத் தன் வாழ்நாள் தொழிலாகக் கொண்டார்.

தொடக்கம்

ராம் மோகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று பட்டம் பெற்றவர். 1956 ஆம் ஆண்டு மும்பையில் இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் கார்ட்டூன் படப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதில் சேர்ந்தார். அப்பிரிவினருக்குப் பயிற்சி அளிக்க, அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் கிளேர் வீக்ஸ் வந்திருந்தார். இவர் வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் 'பாம்பி' உள்ளிட்ட படங்களில் பணியாற்றியவர், இந்தியாவில் பிறந்தவரும்கூட. சாதகக் கதை ஒன்றைத் தழுவிய 'தி பேன்யன் டீர்' என்னும் படம் இப்பயிற்சியின் விளைவாக உருவானது. ராம் மோகன் 1960களின் இறுதியில் அரசுப் பணியை விட்டு, பிரசாத் புரொடக்சன்ஸ் நிறுவனத்தின் அசைவூட்டப் பிரிவுக்குத் தலைமையேற்றார். 1972 இல் 'ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ்' என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

பாத்திர அசைவூட்டம்

அசைவூட்டத்தில் பல வேலைகள் உண்டு. அவற்றுள் பாத்திர அசைவூட்டம் என்பது நடிப்புக்கு மிக நெருங்கியது. நடிகர் தம் உடலால் செய்வதை இக்கலைஞர் எழுதுகோலால் செய்கிறார். ஒரு பாத்திரம் எழுந்து நடக்கிறது என்றால், அது சோர்ந்து எழுகிறதா, கோபத்துடன் எழுகிறதா என்பதை உடலின் சாய்வும் அசைவின் வேகமும்தான் காட்ட வேண்டும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுவது. ஒரு சித்திரத்தை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் ஒரு நிமிடத்துக்கு ஒரு பாத்திரத்திற்கு 720 சித்திரங்கள் தேவை. எனவே கலைஞர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைய, இடைப்பட்ட சித்திரங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவர்.

தொலைக்காட்சிக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. அங்கே உடல் அசையாதிருக்க வாயும் கண்ணும் மட்டும் மாற்றப்படும். ஒருமுறை வரைந்த நடை பல காட்சிகளில் மீண்டும் வரும். குறைந்த சித்திரங்களில் குணத்தைக் காட்டுவது எளிதன்று என்பதால், தொலைக்காட்சி வேலையைத் தாழ்ந்ததாகக் கருதுவது பொருந்தாது.

திரைப்படங்களில்

இந்தியத் திரைப்படங்களில் அசைவூட்டத்திற்கு நெடுங்காலம் கிடைத்த இடம் தலைப்புக் காட்சியும் இடையே வரும் சில நிமிடங்களும்தான். ராம் மோகன் மிருணாள் சென்னின் 'புவன் சோம்' (1969), பி. ஆர். சோப்ராவின் 'பதி பத்னி அவுர் வோ' (1978) முதலிய படங்களுக்கு இத்தகைய பகுதிகளை உருவாக்கினார். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) படத்தில் டல்ஹௌசி பிரபு இந்தியச் சிற்றரசுகளைச் செர்ரிப் பழங்களைப் போல ஒவ்வொன்றாக விழுங்கும் பகுதி அவர் பணிகளுள் பரவலாக அறியப்பட்டது. நாடு பிடித்த வரலாறு அதில் ஒரு மனிதரின் பசியாகச் சுருங்கிவிடுகிறது.

ராமாயணத் திரைப்படம்

சப்பானிய இயக்குநர் யூகோ சாகோ, அலகாபாத் அருகே தொல்லியலாளர் பி. பி. லால் நடத்திய அகழாய்வு குறித்த ஆவணப்படப் பணியின்போது ராமாயணத்தில் ஈடுபாடு கொண்டார். அதனை அசைவூட்டப்படமாக எடுக்க விரும்பினார். வெளிநாட்டவர் ராமாயணத்தைக் கார்ட்டூனாக எடுப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. இந்திய அரசும் கூட்டுத் தயாரிப்புக்கு முன்வரவில்லை. ஆகவே படத்தின் பெரும்பகுதி சப்பானில் உருவானது. 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' (1992) என்ற அப்படத்தைச் சாகோ, கோயிச்சி சசாகி ஆகியோருடன் ராம் மோகனும் இயக்கினார்.

ஆடை, பழக்கவழக்கம், மரியாதை முறை ஆகியவற்றில் சப்பானியக் கலைஞர்களுக்கு இந்தியர்கள் வழிகாட்ட வேண்டியிருந்தது. இது அலங்காரச் செய்தியன்று. நடக்கும்போது வேட்டியின் மடிப்பு எப்படி விரியும், தந்தையின் காலைத் தொட உடல் எப்படி வளையும் என்பதை அறியாத கலைஞரால் ராமனை அசைய வைக்க இயலாது. கும்பகர்ணனையும் அனுமனையும் மிகைப்படுத்தி வரையலாம். உணர்ச்சியை அடக்கும் ராமனுக்கு அந்த வசதியும் இல்லை. அப்படம் 1993 இல் புதுதில்லியில் நடந்த இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. பின்னர் தொலைக்காட்சி வழியாகவே இந்தியச் சிறார் பலரை அடைந்தது. மெருகேற்றப்பட்ட படி 2025 சனவரி 24 அன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தியத் திரையரங்குகளில் வெளியானது.

மீனா

தெற்காசியச் சிறுமியரின் கல்வி, உடல்நலம், உரிமை ஆகியவற்றுக்காக யுனிசெஃப் 1990களில் உருவாக்கிய தொடர் 'மீனா'. ராம் மோகன் இதன் தொடக்கப் படங்களை இயக்கினார். ஒன்பது வயதுச் சிறுமி மீனா, அவள் தம்பி ராசு, கிளி மித்து ஆகியோர் முதன்மைப் பாத்திரங்கள். வங்காளதேசம், இந்தியா, நேபாளம், பாக்கித்தான் ஆகிய நாடுகளின் சிற்றூர் மக்கள் அனைவரும் இவளைத் தங்கள் பெண் என ஏற்க வேண்டும் என்பதால் பெயர், உடை, முகம் ஆகியவை மக்களிடம் கேட்டறிந்தே முடிவு செய்யப்பட்டன. தொடக்கப் படங்களின் அசைவூட்டப் பணிகள் மணிலாவிலிருந்த ஹன்னா-பார்பரா கூடத்தில் நடைபெற்றன.

ஒரு கதையில் பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா, தனக்குப் பதிலாகக் கிளியை அனுப்பி எண்ணக் கற்கிறாள். கோழிகளை எண்ணும்போது ஒன்று குறைவதைக் கண்டு திருட்டை வெளிப்படுத்துகிறாள். மற்றொன்றில் உடன்பிறந்தோர் இருவரும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கின்றனர். தம்பிக்குக் கிடைக்கும் பெரிய பங்கு மாம்பழம் அவள் செய்யும் வேலைக்குத் தகுந்ததா என்ற கேள்வி அதில் எழுகிறது.

பிற்காலமும் விருதுகளும்

1990களின் இறுதியில் ராம் மோகனின் நிறுவனம் யூடிவி குழுமத்துடன் இணைந்தது. 2006 இல் மும்பையில் 'கிராஃபிட்டி' அசைவூட்டப் பள்ளியைத் தொடங்கினார். 'யூ செட் இட்' (1972), 'ஃபயர் கேம்ஸ்' (1983) ஆகியவற்றுக்காகத் தேசியத் திரைப்பட விருதுகள் பெற்றார். 2014 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 2019 அக்டோபர் 11 அன்று தமது 88 ஆம் அகவையில் காலமானார்.