1000 வாலாவுக்குப் பக்கத்துல 1001: பாதிக்குப் பாதியா, இல்லையா?

சிவகாசி 1000 வாலா சரவெடி தெரியும்தானே? 1000-ஐ வகுத்துப் பிரித்தால் 2-ம் 5-ம் மட்டும்தான். பெரிய பகாக் காரணி 5. ஒரு வெடி கூட்டுங்க, 1001 = 7×11×13. ஒண்ணு குறைச்சா 999 = 27×37. பக்கத்து வீடுதான், ஒட்டுறவே இல்லை!

அப்படின்னா, அடுத்த எண்ணின் பெரிய காரணி முந்தையதை மிஞ்சுவது பாதிக்குப் பாதியா? எர்டிஷும் பொமரன்ஸும் 1978-ல் துருவிய கேள்வி இது.

இதே எர்டிஷ் 1975-ல் சென்னைக்கு வந்தது, கல்லூரி மாணவர் கிருஷ்ணசாமி அல்லாடியைப் பார்க்க. ஓர் எண்ணின் பகாக் காரணிகளைக் கூட்டினால், சராசரியில் பெரிய காரணியே கூட்டுத்தொகையை ஆளும் என்று இருவரும் 1977-ல் எழுதினார்கள்.

2018-ல் வெளியான கட்டுரையில் டெராவைனன் 'பாதிதான்' என்று நிரூபித்தார். ஆனால் சின்ன எண்களுக்குக் கூடுதல் எடை தரும் மடக்கை அளவில் மட்டும். ஒவ்வொரு எண்ணையும் சமமாக எண்ணினால்? திரி இன்னும் எரியுது.