இறகின் இனமும் கட்டின் நெறியும்: செவ்வியல் சால்மன் ஈக்களில் மாற்றுப்பொருளின் இடம்

அட்லாண்டிக் சால்மன் மீனைப் பிடிப்பதற்காகத் தூண்டில் முள்ளின்மீது இறகு, பட்டு, சரிகை, விலங்கு மயிர் ஆகியவற்றை நூலால் சுற்றிக் கட்டி உருவாக்கப்படும் செயற்கைப் பூச்சி 'சால்மன் ஈ' எனப்படுகிறது. ஈ என்று பெயர் பெற்றிருந்தாலும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் உச்சம் பெற்ற அதன் செவ்வியல் வடிவம் இயற்கையிலுள்ள எந்தப் பூச்சியையும் ஒத்திருக்கவில்லை. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் இரையுண்பதை நிறுத்திவிடுகிறது. அது தூண்டிலைக் கவ்வுவது சினத்தாலா, பழைய பழக்கத்தாலா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. இரையின் சாயலைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் கட்டுபவரின் கற்பனைக்குத் தடையேதும் இருக்கவில்லை. தென்னமெரிக்கக் காட்டுப் பறவையும் சீனக் கோழியும் ஆப்பிரிக்கத் தீக்கோழியும் ஒரே முள்ளில் சந்திக்க நேர்ந்தது இவ்வாறுதான்.

இக்கலையை இன்று பயில்வோரிடையே நிலவும் முதன்மையான கருத்து வேறுபாடு மாற்றுப்பொருள் பற்றியது. பழைய செய்முறை நூல் குறிப்பிடும் அதே பறவையின் இறகைக் கொண்டு கட்டினால்தான் அது செவ்வியல் ஈ ஆகும் என்பது ஒரு சாரார் கொள்கை. சாயமேற்றிய வாத்து இறகும் வான்கோழி இறகும், புற ஊதா ஒளியில் இறுகும் பிசினும், நுண்ணிய செயற்கை நூலும் இடம்பெறலாம் என்பது மற்றொரு சாரார் கொள்கை. மரபைக் காப்பவர்கள் முதற்சாராரே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மரபின் வரலாறு அக்கருத்துக்கு இடம் தரவில்லை என்பதும், செவ்வியல் தன்மை இறகின் இனத்தில் அன்றிக் கட்டும் நெறியிலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பகட்டான இறகுகள் தொன்றுதொட்டு வந்தவை அல்ல. வில்லியம் ஸ்குரோப் 1843இல் ட்வீட் ஆற்றுச் சால்மன் பிடிப்பைப் பற்றி வெளியிட்ட நூலில் காணப்படும் ஈக்கள் பெரும்பாலும் மங்கலான நிறத்தவை. உள்ளூர்ப் பறவைகளின் இறகையும் கம்பளி இழையையும் கொண்டு கட்டப்பட்டவை. ஸ்பே ஆற்றின் பழைய ஈக்களும் நாரையின் நீண்ட இறகையும் காட்டுவாத்தின் பழுப்பு இறகையும் தாண்டிப் போகவில்லை. பல நிறங்கள் கலந்த ஈ அயர்லாந்தில் வளர்ந்து, அங்கிருந்து ஸ்காட்லாந்து ஆறுகளுக்குச் சென்றது. விக்லோவில் பிறந்து லண்டன் சோஹோவில் தொழில் நடத்திய வில்லியம் பிளாக்கர் இப்பரவலில் முக்கிய இடம் பெறுபவர். 1855இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பு ஈ கட்டும் கலையோடு நிறுத்திக்கொள்ளாமல் நிறங்களுக்குச் சாயமேற்றுவதையும் சேர்த்தே அறிவிக்கிறது. பகட்டு ஈயின் தொடக்க ஆசான்களுள் ஒருவருடைய பட்டறையில் சாயப்பானைக்கு இவ்வளவு வெளிப்படையான இடம் இருந்தது என்பது தூய்மைவாதிகள் அதிகம் பேசாத செய்தி.

அந்த இறகுகள் கிடைத்த வழியும் கருதத்தக்கது. பெண்களின் தொப்பிகளை அணிசெய்வதற்காக உலகெங்கிலுமிருந்து பறவைத் தோல்கள் லண்டனுக்கு வந்து, மின்சிங் லேன் ஏலக் கூடங்களில் குவியல் குவியலாக விற்பனையாயின. ஈ கட்டுவோரின் தேவை அப்பெருவணிகத்தோடு ஒப்பிடத் தக்கதன்று. தொப்பிக்கென வந்த சரக்கில் அவர்கள் தங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டார்கள். எனவே எந்த ஈயில் எந்தப் பறவை இடம்பெறும் என்பதை முடிவு செய்ததில் சால்மனின் விருப்பத்தைவிடத் துறைமுகத்துச் சரக்குப் பட்டியலுக்கே பங்கு அதிகம் என்று கொள்ளலாம். இப்படிச் சந்தை வழியே சேர்ந்தவற்றுக்குச் சட்டத்தின் தோற்றத்தை அளித்தவர் ஜார்ஜ் கெல்சன். 1895இல் வெளிவந்த 'தி சால்மன் ஃப்ளை' நூலில் அவர் நூற்றுக்கணக்கான ஈக்களுக்கு உறுப்பு வாரியாகப் பொருள் வகுத்து, ஒரு பொருள் மாறினால் ஈயே மாறிவிடும் என்ற தொனியில் எழுதினார். அவருடைய உரிமைகோரல்கள் சிலவற்றை 'ஃபிஷிங் கெசட்' இதழின் ஆசிரியர் மார்ஸ்டன் பின்னர் வெளிப்படையாகவே தாக்கினார். ஆயினும் கெல்சனின் பட்டியல் நிலைத்தது. இன்று 'மூலச் செய்முறை' என்று போற்றப்படுவது பெரும்பாலும் அந்தப் பட்டியலே. அது அரை நூற்றாண்டு வளர்ச்சியின் இறுதியில் எழுதப்பட்டது. வளர்ச்சியைத் தொடங்கிவைத்த நூல் அன்று.

வாதத்தைப் பொருளின் அளவில் சோதிக்க 'ஜாக் ஸ்காட்' என்னும் ஈ ஏற்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லார்ட் ஜான் ஸ்காட்டின் பணியாளர் ஒருவர் நார்வேக்குச் செல்லும் கப்பலில் இதைக் கட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஈ அவர் பெயராலேயே வழங்குகிறது. முள்ளின் வளைவுக்குச் சற்று மேலே வெள்ளிச் சரிகையில் தொடங்கும் இதன் வாலாகப் பொன்னிற ஃபெசன்ட் கோழியின் கொண்டை இறகு ஒன்று மேல்நோக்கி வளைந்து நிற்கும். உடலின் பின்பாதி மஞ்சள் பட்டு, முன்பாதி கறுப்புப் பட்டு. இரண்டும் சேருமிடத்தில் டூக்கான் பறவையின் மஞ்சள் மார்பிறகும் தீக்கோழி இழையால் ஆன கறுப்பு வளையமும் அமையும். தொண்டையில் கினிக்கோழியின் புள்ளியிறகு தொங்கும். சிறகின் அடியில் வெண்முனை கொண்ட வான்கோழிக் கீற்றுகள்; அவற்றின்மீது மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய நிறங்களில் அன்னத்தின் இறகும், கானமயில், வரகுக்கோழி, மயில் ஆகியவற்றின் இறகும் இணைந்த பல்வண்ணக் கீற்று; எல்லாவற்றுக்கும் மேலே மீண்டும் ஒரு பொன் கொண்டை. மஞ்சளாகவும் சிவப்பாகவும் நீலமாகவும் இறகு முளைக்கும் அன்னம் உலகில் எங்கும் இல்லை. செவ்வியல் ஈக்களின் தலைமைச் சான்றாகக் கொள்ளப்படும் ஜாக் ஸ்காட்டின் சிறகுக்கு நிறத்தைத் தருவதே சாயம்தான்.

அப்பல்வண்ணக் கீற்றை உருவாக்கும் முறை 'மணமுடித்தல்' எனப்படுகிறது. இறகின் நடுத்தண்டிலிருந்து கிளைக்கும் ஒவ்வோர் இழையிலும் நுண்ணிழைகளும், அவற்றின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகளும் உள்ளன. அடுத்த இழையின் விளிம்பை இக்கொக்கிகள் பற்றிக்கொள்வதால்தான் இறகு ஒரே தகடாக நிற்கிறது. ஒரு பறவையின் இறகிலிருந்து இரண்டு மூன்று இழைகளையும் மற்றொன்றிலிருந்து அதே அளவும் பிரித்தெடுத்து, விளிம்போடு விளிம்பு வைத்து விரலால் மெல்ல நீவினால், கொக்கிகள் இனவேற்றுமை பாராமல் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இடப்பக்க இறகின் இழை இடச்சிறகுக்கே பொருந்தும். பக்கம் மாறினால் வளைவு எதிராகித் தகடு பிரிந்துவிடும். தீக்கோழி இழையில் கொக்கி இல்லாததால் அது ஒருபோதும் மணமுடியாது. சாயமேற்றிய வீட்டு வாத்தின் இழையும் வான்கோழியின் இழையும் கானமயிலின் இழையைப் போலவே பற்றுகின்றன என்பதைக் கட்டுபவர் எவரும் மறுப்பதில்லை. முதல் சுற்றில் சிறகு சாயாமல் நூலை இறுக்குவதும், கொண்டையின் வளைவு வாலின் நுனியைத் தொடுமாறு அளவெடுப்பதும், தலையை மிகச் சிறியதாக முடிப்பதும் இக்கலையின் கடினமான பகுதிகள். இவை எதுவும் இறகு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து எளிதாகிவிடுவதில்லை.

தமிழ் வாசகர்க்கு நேர்த் தொடர்புள்ள பொருள் ஒன்று இப்பட்டியலில் உண்டு. ஜாக் ஸ்காட் உட்பட எண்ணற்ற ஈக்களின் பக்கவாட்டில் 'கண்' போலப் பதிக்கப்படுவது மேற்குத் தொடர்ச்சி மலை உள்ளிட்ட தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. அவ்விறகின் தண்டு நுனியில் விரிந்து, மெழுகு பூசினாற்போன்ற வெளிர்மஞ்சள் தகடாக மாறுகிறது. நனைந்தாலும் அதன் மினுக்கம் குறைவதில்லை. புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனராவின் பெயரையே இப்பறவையின் அறிவியற்பெயர் தாங்கியுள்ளது. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி செய்வதை 1902இலேயே அரசு தடைசெய்தது; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் முடக்கியது. வெளிநாட்டுப் பண்ணைகளில் இக்கோழி வளர்க்கப்படுவதால் அதன் கழுத்திறகு இன்று சட்டப்படியே கிடைக்கிறது. காட்டுப் பறவையின் இடத்தைப் பண்ணைப் பறவை பிடித்துக்கொண்டதைத் தூய்மைவாதிகள் எவரும் மரபு மீறலாகக் கருதியதில்லை என்பது, அவர்களுடைய அளவுகோல் எவ்வளவு நெகிழ்ச்சியானது என்பதைக் காட்டுகிறது.

அவ்வாறு நெகிழாத இடத்தில் நேர்ந்த கேடும் பதிவாகியுள்ளது. பிரிட்டனின் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் 1921இல் இயற்றப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. பழைய தோல்களின் இருப்பு குறையக் குறைய விலை ஏறியது. 2009 ஜூனில் இங்கிலாந்தின் ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையிலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. திருடியவர் செவ்வியல் ஈக்கள் கட்டுவதில் தேர்ந்த ஓர் இளைஞர். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் திரட்டிய பறவைகளும் அவற்றுள் இருந்தன. மீட்கப்பட்டவற்றுள் பலவற்றில் பறவை பிடிபட்ட இடமும் நாளும் குறித்த சீட்டு அறுக்கப்பட்டிருந்தது. சீட்டு இல்லாத தோல் ஆய்வுக்குப் பெரும்பாலும் பயனற்றது. உண்மை இறகுதான் வேண்டும் என்ற கொள்கையே குற்றத்தை விளைவித்தது என்று சொல்வது மிகையாகும். அக்கொள்கை இல்லாமல் அத்திருட்டுக்குச் சந்தை இருந்திருக்காது என்பதில் மிகையில்லை.

மாற்றுப்பொருளுக்கு எதிரான வாதங்களுள் ஒன்றுக்கு மட்டும் உண்மையான வலிமை உண்டு. ஜாக் ஸ்காட்டின் கன்னத்தில் வைக்கப்படும் சிறு நீல இறகு கொட்டிங்கா என்னும் அமெரிக்கப் பறவையினுடையது. அந்நீலம் நிறமியால் வந்ததன்று. இறகிழையின் கெரட்டினுக்குள் நுண்ணிய காற்றுக்குமிழிகள் ஒழுங்குற அமைந்து நீல ஒளியை மட்டும் சிதறச் செய்வதால் தோன்றுவது. ஒளியை விழுங்கி நிறம் காட்டும் சாயம், ஒளியைத் திருப்பியனுப்பி நிறம் காட்டும் இவ்வமைப்பின் பிரகாசத்தை எட்டுவதில்லை. ஒத்த நீலம் வாய்ந்த மீன்கொத்தி இறகு நீண்டகாலம் மாற்றாகப் பயன்பட்டது; பிரிட்டனில் இன்று அப்பறவையும் பாதுகாக்கப்பட்டதே. இக்குறையை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் இக்குறை யாருடைய கண்ணுக்குரியது என்று கேட்க வேண்டும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆறுகளில் பலவற்றின் நீர் கரிச்சேற்றுநிலத்திலிருந்து வருவதால் தேயிலை வடித்த நீரைப்போலப் பழுப்பாக ஓடுகிறது. அதில் கரைந்துள்ள பொருள்கள் முதலில் விழுங்குவது நீல ஒளியைத்தான். கொட்டிங்காவின் நீலம் அந்நீரில் சில அடி ஆழத்திலேயே தன் சிறப்பை இழந்துவிடும். அது கடைக் கண்ணாடிப் பெட்டிக்குமுன் நின்ற வாங்குபவருக்காகவே அமைந்தது என்று கொள்வதற்கு இது போதுமான காரணம்.

இன்றைய செவ்வியல் ஈக்கள் பெரும்பாலும் ஆற்றைக் காண்பதில்லை. சட்டமிட்ட கண்ணாடிக்குள் உலர்ந்த ஒளியில் பார்க்கப்படுகின்றன. ஆற்றுக்குப் போவதற்கு மயிர்ச்சிறகு ஈக்களும் குழாய் ஈக்களும் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கண்ணாடிச் சட்டத்துக்குள் நீலம் முக்கியம்தான். அங்கும் கொட்டிங்காவைப் போலத் தோன்றச் செய்யும் மங்கிய போலியைவிட, போலி என்று காட்டிக்கொள்ளாத வேறொரு நிற முடிவே கலைத்தரம் மிக்கது. ஸ்காட்லாந்தின் ப்ரோராவில் ஒரு சிறு குடிலில் பல பத்தாண்டுகள் ஈ கட்டிப் புகழ்பெற்ற மேகன் பாய்ட் தாம் மீன் பிடித்தவர் அல்லர். 1971இல் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் அளிக்கப்பட்டபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று விழாவுக்குப் போகாதவர் எனவும் சொல்லப்படுகிறது. அவருடைய ஈக்கள் சேகரிப்பாளர்களால் மதிக்கப்படுவது விகிதத்துக்காகவும் கட்டின் உறுதிக்காகவும். அவற்றின் கன்னத்தில் எந்தப் பறவை இருக்கிறது என்று உருப்பெருக்கி கொண்டு தேடுவோர் குறைவு. 20ஆம் நூற்றாண்டில் மீன்பிடிப்போருக்கென விற்கப்பட்ட எளிய ஜாக் ஸ்காட்களில் நீலக் கன்னமே விடுபட்டு, காட்டுக்கோழியின் கண் மட்டும் இருந்ததும் உண்டு. அவற்றை வாங்கியவர்கள் ஜாக் ஸ்காட் என்றே கேட்டு வாங்கினார்கள்.