கான்கிரீட்டின் மறைகுறைகளை உடைக்காமல் அறியும் சோதனைகளின் வரலாறு

கட்டி முடித்த கான்கிரீட்டைச் சிதைக்காமல் அதன் உறுதியையும் உள்ளே ஒளிந்திருக்கும் பொந்து, விரிசல், கம்பித்துரு ஆகியவற்றையும் அறியும் முறைகள் அழிவிலாச் சோதனைகள் எனப்படும்.

கல்லைத் தட்டி, அதன் ஒலியைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது சிற்பிகளின் பழைய வழக்கம். திருவாண்டார்கோயிலில் உள்ள சோழர் காலக் கோயில் போன்ற கற்கட்டடத்தில் சுமை தாங்கும் பொருள் கண்ணுக்கு முன்னே நிற்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் அப்படியில்லை. இழுவிசையைத் தாங்கும் எஃகு உள்ளே புதைந்திருக்கிறது. சிமெண்டின் காரத்தன்மை அதைத் துருவிலிருந்து காக்கும். கடலுப்பின் குளோரைடு உள்ளே ஊறிவிட்டால் அந்தக் காப்பு உடையும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும்.

புதுச்சேரிக் கடற்கரை இதற்குத் தொலைவான இடமன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1866இல் அமைந்த இரும்புத் துறைமுகப் பாலத்தை 1952ஆம் ஆண்டுப் புயல் அழித்தது. பின்னர் எழுப்பப்பட்ட கான்கிரீட் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடல் கொந்தளிப்பின்போது இடிந்து விழுந்தது.

இத்துறையின் முக்கியக் கருவிகள் சில 1940களில் வந்தன. சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கிய துள்ளல் சுத்தியலில், வில்விசையால் மோதும் எடை எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதே அளவு. கையடக்கமானது, விலை குறைவு. ஆகவே எங்கும் பரவியது. ஆனால் அது சொல்வது மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே. அதைக்கொண்டு மதிப்பிடும் வலிமை 25 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே எச்சரிக்கிறது. சோதனை அறிக்கைகளில் சிவப்பு மையில் எழுத வேண்டிய வரி இது. பூச்சை நீக்காமல் அடித்தால் கிடைப்பது பூச்சின் கணக்கு.

அதே பத்தாண்டில் கனடாவில் லெஸ்லி, சீஸ்மன் ஆகியோரும் இங்கிலாந்தில் ஜோன்ஸும் மீயொலித் துடிப்பைக் கான்கிரீட்டுக்குள் செலுத்தும் முறையை வளர்த்தனர். இதன் கணக்கு எளிது. 300 மில்லிமீட்டர் தடித்த தூணை ஒலி 75 மைக்ரோ நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 4 கிலோமீட்டர், நல்ல கான்கிரீட். 110 மைக்ரோ நொடி ஆனால் வேகம் 2.7 கிலோமீட்டர்தான், ஒலி எதையோ சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. 3 கிலோமீட்டருக்குக் கீழே ஐயத்திற்குரியது என 1992இல் வெளியான ஐ.எஸ். 13311 வகுத்தது. (அந்த விதிகள் இப்போது ஐ.எஸ். 516இன் ஐந்தாம் பகுதியில் சேர்ந்துவிட்டன.) எனினும் விரிசலில் நீர் நிறைந்திருந்தால் ஒலி அதன் வழியே கடந்து, குறையை மறைத்துவிடும்.

இவ்விரண்டு கருவிகளும் கம்பியின் துருவை நேரடியாகக் காட்டா. கலிபோர்னியாவின் பாலங்களில் 1950களில் ஸ்ட்ராட்ஃபுல் மேற்கொண்ட ஆய்வுகள் அரைக்கல மின்னழுத்தச் சோதனைக்கு வழிவகுத்தன. ஓர் இடத்தில் கம்பியைத் திறந்து வோல்ட்மீட்டரின் ஒரு முனையை இணைத்து, மறுமுனையிலுள்ள செம்பு–செம்புச் சல்பேட் மின்முனையை ஈரப்படுத்திய பரப்பில் வைத்து நகர்த்துவார்கள். அளவு −350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மமாக இருந்தால் துரு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்பதை இது சொல்லாது.

தமிழ்நாட்டில் இந்த அறிவுக்கு ஒரு முக்கிய இருப்பிடம் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொண்டு எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது. அது மண்டபம் கடற்கரையில் உப்புக்காற்றிலும் கடல்நீரிலும் உலோகங்களை வைத்து அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது. கட்டடங்களின் நிலையை மதிப்பிடும் பணி சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் நடக்கிறது.

எந்த ஒரு சோதனையையும் மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுவதில்லை. சுத்தியலும் ஒலியும் ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தில், கான்கிரீட்டிலிருந்து ஓர் உருளையைத் துளைத்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்க்கிறார்கள். உடைக்காமல் அறியும் வேலையிலும் கடைசியில் கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கிறது.