பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில்

ரொறன்ரோவிலிருந்து நண்பரொருவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்: பலாலிக்கும் இரத்மலானைக்கும் வான்வழித் தூரம் எவ்வளவு, பறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று. தூரத்தைச் சொல்வது எளிது. நேர்கோட்டில் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். நேரத்தைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது டக்கோட்டா இரத்மலானையிலிருந்து மதராசுக்குப் புறப்பட்டபோது, வழியில் காங்கேசன்துறையில் தரித்துச் சென்றது. அன்று அப்பெயரால் வழங்கியது பலாலி விமான நிலையமேதான். தேசப்படத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். பலாலியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 355 கிலோமீற்றர். கொழும்புக்குள்ள தூரத்திலும் சற்றே அதிகம். 2019 நவம்பரில் பலாலி - சென்னைச் சேவை தொடங்கியபோது பலரும் அதை ஒரு புதுமையாகவே பேசினார்கள்!

பலாலி - இரத்மலானை நேர்கோடு வன்னியின் மேற்கு விளிம்பை ஒட்டியே செல்கிறது. பூநகரிக் கரையை உரசி, மன்னார்ப் பெருநிலத்தைக் கடந்து வில்பத்துக் காட்டை எட்டும். போர்க்காலத்தில் அந்த விளிம்பே அபாயமாயிற்று. 1995 ஏப்ரல் இறுதியில், அடுத்தடுத்த இரு நாட்களில், விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் பலாலிப் பகுதியில் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன. 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ் விமானம், 55 பேருடன் சில நிமிடங்களிலேயே தொடர்பிழந்து மறைந்தது. விடுதலைப் புலிகள் சுட்டு வீழ்த்தியதாகவே கருதப்படுகிறது.

2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டதும் குடாநாட்டவர் தெற்கே செல்லக் கப்பலும் விமானமுமே எஞ்சின. 2007இல் நானும் பறந்தேன். அனுமதிக்காகக் காத்திருந்தது பல நாட்கள். புறப்படும் நாளன்று விடியுமுன்னரே வரிசை. பொதிகளை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகப் பொழுது போயிற்று. பறந்ததோ ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். வன்னியைத் தவிர்த்து விமானம் கடலின் மேலாகவே சென்றது. கிலோமீற்றர்க் கணக்கில் பெரிய சுற்றன்று.

"தம்பி, கிளிநொச்சி எந்தப் பக்கம்?" என்று பக்கத்து இருக்கை அம்மா கேட்டார். மகள் அங்கே இருக்கிறாளாம். இடதுபுறம் காட்டினேன். மங்கலாக ஒரு கரைக்கோடு மட்டுமே தெரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வீதியால் எழுபது கிலோமீற்றருக்கும் குறைவான ஊர் அது. அவர் கோடு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வாண்டு வன்னியிலும் ஓர் ஓடுபாதை இருக்கத்தான் செய்தது. இரணைமடுக் குளத்தின் அருகே புலிகள் அமைத்தது. மார்ச் 26ஆம் திகதி அதிகாலை கட்டுநாயக்காவைத் தாக்கியவை வன்னியிலிருந்து சென்ற இலகு விமானங்களே. இரணைமடுவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 240 கிலோமீற்றர். அச்சிறு விமானங்களின் வேகத்துக்கு ஒரு மணித்தியாலப் பயணம். வன்னிக் குடிமக்கள் ஏறிச்செல்ல அங்கிருந்து எந்த விமானமும் புறப்பட்டதில்லை. தெற்கே போவதென்றால் அவர்களுக்கு ஓமந்தைச் சோதனைச்சாவடிதான்.

லயன் எயார் விமானத்தின் சிதைவுகள் 2012 ஒக்ரோபரில், கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த இரணைதீவுக் கடலில் கண்டுபிடிக்கப்பட்டன. மீட்கப்பட்ட உடைகளும் பிற பொருட்களும் 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உறவினர் அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்டன. பலாலியிலிருந்து இரணைதீவுக்கு நேர்கோட்டில் 55 கிலோமீற்றர் வரும்.